கிளட்ச் காலில் ஒரு துண்டு

பஸ் டிப்போவில் டிரைவரான அவளுக்கு மகாராணி என்று பெயர். பாசத்தில் கொடுத்த பட்டமல்ல. தாடையைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, எதிரில் நிற்பவனை மூக்கு நுனி வழியாகப் பார்ப்பாள். "வணக்கம் வெச்சாக்கூட வானத்தைப் பார்த்துக்கிட்டுப் போறா, பெரிய மகாராணி" என்று ஒரு மெக்கானிக் எப்போதோ முணுமுணுத்தான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

இமைகள் பாதிக் கருவிழி வரை இறங்கிவிட்டதால்தான் தலையைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கண்ணாடியில் தினம் பார்க்கிற முகத்தில் இதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்? கழுத்து வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்வாள். வருஷா வருஷம் நடக்கும் கண் சோதனையில் தாடையைத் தூக்கிக்கொண்டு கடைசி வரி எழுத்து வரைக்கும் கடகடவென்று வாசித்துவிடுவாள். அவர்களும் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. விடியும் முன்பே வந்து, டயர்களை இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பாள். காற்றழுத்தம் ஏறும்வரை எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளைத் தன் கையாலேயே துடைப்பாள். வேறு யார் துடைத்தாலும் பிடிக்காது. அந்தப் பெரிய வண்டியை டிப்போ மூலையில் பின்னோக்கி ஒடித்து நிறுத்துவதை இளைஞர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அப்படிப்பட்டவளை, மழை வராமல் புழுங்கிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், முன் சீட்டில் இருந்த ஒரு பயணி செல்போனில் வீடியோ எடுத்தான். சிவப்பு விளக்கில் வண்டி நிற்கிறது. அவள் தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. இமைகள் மூடியிருக்கின்றன. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. 'நம் உயிர் இவள் கையில். இவளோ நல்ல தூக்கத்தில்' என்று எழுதி ஊருக்கே அனுப்பிவிட்டான். மத்தியானத்துக்குள் பார்க்காத ஆள் கிடையாது.

மேனேஜர் அறைக்கு அவளையும் கண்டக்டரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். போகிற வழியில், டிப்போ முற்றத்தில், எல்லார் முன்னாலும் அவளை நிறுத்தி, குடித்திருக்கிறாளா என்று பார்க்கும் கருவியை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். ஊதினாள். ஒன்றும் காட்டவில்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னார்கள். அதற்கும் ஊதினாள். ஊதிவிட்டு, கோபத்தில் கருவியை அவர்கள் கையில் திணித்தாள்.

"இது நீதானே?" என்றார் மேனேஜர், செல்போனைத் திருப்பிக் காட்டி.

"நான்தான் சார்."

"கண்ணு மூடியிருக்கே."

"மூடலை சார். கீழ கொஞ்சம் இடம் இருக்கு. அது வழியாத்தான் பார்க்குறேன்."

"எனக்கு ஒரு இடமும் தெரியலையே."

"பார்க்குறது நான் சார், நீங்க இல்லை. பச்சை விழுந்ததும் வண்டி நகருது பாருங்க. தூங்குறவ எப்படி சார் வண்டி எடுப்பா?"

"பழக்கதோஷம்" என்றார் மேனேஜர். பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா பார்த்தே?"

கண்டக்டர் வயசில் சின்னவன். அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். அவள் டப்பாவிலிருந்து எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் பின்னாடி டிக்கெட் குடுத்துக்கிட்டிருந்தேன் சார். எதையும் பார்க்கலை."

"டேய்! அந்த சிக்னல்ல வண்டி நின்னதுமேதானே முன்னாடி வந்து சில்லறை இருக்கான்னு கேட்டே? பையில எடுத்துக்கோன்னு நான் சொல்லலை? வாயைத் திறந்து சொல்லுடா!"

"ஞாபகம் இல்லைக்கா."

அவள் மேஜையை ஓங்கி அறைந்தாள். மேனேஜரின் டீ கொட்டி, காகிதங்கள் நனைந்தன. "டாக்டர்கிட்ட சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் வண்டி கிடையாது" என்று அவர் எழுந்துவிட்டார்.

*

வீட்டின் முன்னறை முழுக்க ரிப்பேருக்கு வந்த குளிர்பெட்டிகள். கதவு கழன்றது, காலொடிந்தது, குளிராதது என்று வரிசையாக நிற்கும். நடுவில் அவள் கணவன் உட்கார்ந்து செப்புக் குழாயை நெருப்பில் காட்டிப் பற்றவைத்துக்கொண்டிருப்பான். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தான். அவள் உள்ளே நுழைந்ததும் நெருப்பை அணைத்தான். அவனும் வீடியோவைப் பார்த்துவிட்டான் என்று அதிலேயே தெரிந்தது.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து சட்டைக் காலர் கிழிந்து வந்தாள். பத்தாவது படிக்கிறவள்.

"யார்கூட சண்டை?"

"உன்னை மாதிரி நடிச்சுக் காட்டினா ஒருத்தி. தலையைச் சாய்ச்சு, குறட்டை விட்டு. விட்டேன் ஒரு அறை."

"நல்லா விழுந்துச்சா?"

"நாளைக்கு உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"வர்றேன். அந்த டீச்சர் வண்டிக்கு ஓடி வரும்போதெல்லாம் நிறுத்தி ஏத்தியிருக்கேன்."

சோறு வைத்தாள். உருளைக்கிழங்கை வதக்கினாள். முட்டைகளை உடைக்கும்போது ஓடும் சேர்ந்து விழுந்தது. விரலால் பொறுக்கி எடுத்தாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மின்விசிறி சுற்றியது; காற்றுதான் வரவில்லை. கணவன் ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"நம்ம வீட்டுக்குள்ளதானே, உண்மையைச் சொல்லு. ஒரு நொடிகூட கண்ணு அசரலையா?"

அவள் கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். கத்துவாள் என்று மகள் நினைத்தாள். கத்தவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஊதச் சொன்னபோது வந்த கோபம் வேறு, இது வேறு. அது வெளியில் வந்து கொட்டிப் போய்விடும். இது உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மறுநாளிலிருந்து அவனிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். பக்கத்திலேயே அவன் நிற்கும்போது, "உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்பாள். "உங்கம்மாகிட்ட உப்பு எடுத்து வைக்கச் சொல்லு" என்பான் அவன். நடுவில் இருந்த மகள், "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் கண்டக்டரா?" என்று கத்தினாள்.

*

சர்ட்டிஃபிகேட் ஒன்றுதானே, ஒரு நாள் வேலை என்று நினைத்துத்தான் கிளம்பினாள்.

கண் டாக்டர் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார், விட்டார். பொத்தென்று விழுந்தது. "தசை தளர்ந்துபோச்சு. மேல தூக்கித் தைச்சுடலாம். அடுத்த வாரமே வாங்க" என்றார்.

"ஏன் தளர்ந்துச்சு டாக்டர்?"

"வயசு."

"எனக்கு நாற்பதுகூட ஆகலை."

"சில பேருக்கு சீக்கிரம் வரும்மா. தைச்சா பளிச்னு ஆயிடுவீங்க."

"நான் என்ன சீலையா, கிழிஞ்ச இடத்துல தைக்க? காரணம் தெரியாம ஒரு வண்டியை எங்க டிப்போவுலகூடப் பிரிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். விவரம் தெரிந்து வந்தாள் என்று சொல்ல முடியாது. அந்த வாரம் யார் எதைச் சொன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தை கையில் தயாராக இருந்தது.

அடுத்த டாக்டர், நரம்பிலிருந்து தசைக்குப் போகிற உத்தரவு தடைப்படுகிற ஒரு நோய் இருக்கிறது, அதுவாக இருக்கலாம் என்றார். கண்மேல் ஐஸ் வைத்து ஒத்தினார். அந்த நோயென்றால் ஐஸ் பட்டதும் இமை கொஞ்சம் மேலே ஏறுமாம். ஏறவில்லை. முகம் முழுக்கத் தண்ணீர் வழிந்ததுதான் மிச்சம். ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மாத்திரையைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்றார். வயிற்றைப் புரட்டிப் புரட்டி எடுத்தது. இமை இருந்த இடத்தில் இருந்தது.

கடைசியில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மாவிடம் போனார்கள். கரகரத்த குரல், எப்போதும் அவசரம். காத்திருக்கும் கூடத்தில் நிற்க இடமில்லை. கணவனும் மகளும் கூட வந்திருந்தார்கள். டாக்டரம்மா ஒரு பேனாவை நீட்டினார்.

"தலையைத் திருப்பாம, கண்ணை மட்டும் பேனா கூட ஓட்டுங்க."

பேனா வலது பக்கம் போனது.

"தலை திரும்புது. கண்ணு மட்டும்."

"கண்ணைத்தான் டாக்டர் திருப்புறேன்."

"இல்லைம்மா."

மகள் எழுந்து வந்து அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பேனா வலப்பக்கம் போனது, இடப்பக்கம் போனது, மேலே போனது. கண்கள் நடுவிலேயே நின்றன, பொம்மைக்கு ஒட்டிவைத்த கண் மாதிரி. மகளின் கை மெல்ல நழுவியது. கணவன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். கூடவே வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒருத்தருக்கும் தெரியாது.

"இது ரெண்டு மூணு வருஷத்துல வந்ததில்லை" என்றார் டாக்டரம்மா. "மெதுவா வந்திருக்கு. அதனால நீங்களும் உங்களை அறியாம தலையால பார்க்கப் பழகிட்டீங்க. ஒரு ஈசிஜி எடுத்துட்டு வாங்க. அப்புறம், தசையில ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கணும்."

"கண்ணுலயா?" என்றாள் மகள், பயந்து.

"தொடையில."

கணவன் எழுந்தே விட்டான். "கோளாறு கண்ணுல. வெட்டுறது தொடையிலயா? என்னங்க இது! துண்டு எடுக்கிறதுன்னா புற்றுநோய்க்குத்தானே எடுப்பாங்க? எதை மறைக்கிறீங்க?"

"உட்காருங்க."

"உட்கார மாட்டேங்க. ஒருத்தர் தைக்கணும்ங்கிறார், ஒருத்தர் ஐஸ் வைக்கிறார், நீங்க அறுக்கணும்ங்கிறீங்க. அறுத்து அறுத்துப் பார்க்க அவ என்ன கோழியா?"

அத்தனை நாளும் நேராகப் பேசாதவள் அன்றைக்குத்தான் அவன் பக்கம் திரும்பினாள். "என் தொடை. நான் கேட்டுக்கிறேன். நீங்க உட்காருங்க." பிறகு டாக்டரம்மாவிடம், "அவர் கேட்ட விதம் தப்பு. கேள்வி சரிதான். சொல்லுங்க" என்றாள்.

டாக்டரம்மா முதல்முறையாக அவசரத்தை விட்டுவிட்டுப் பேசினார்.

"இமையைத் தூக்குறதும் தசைதான். விழியைத் திருப்புறதும் தசைதான். உடம்பிலேயே ஓயாம வேலை செய்யிற தசை கண்ணைச் சுத்தி இருக்கிறதுதான். அதனால முதல்ல அது களைச்சுப் போகும். ஆனா நான் சந்தேகப்படுற நோய் கண்ணோட நிக்கிறது இல்லை. எல்லாத் தசையிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். இமைத் தசை நூல் மாதிரி. அதுல கத்தி வைச்சா இருக்கிறதும் போயிடும். தொடையில ஒரு துளி எடுத்தா உங்களுக்கு நஷ்டம் இல்லை."

"ரத்தத்துலயே தெரியாதா?"

"பல நேரம் தெரியாது. இந்தக் கோளாறு ரத்தத்துல மறைஞ்சுபோயிடும். தசையில தங்கியிருக்கும். ஒவ்வொரு நாருக்குள்ளயும் சக்தி தயார் பண்ற சின்னச் சின்ன உறுப்பு இருக்கு. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு."

"செல்லின் ஆற்றல் மையம்" என்றாள் மகள் சட்டென்று. "ரெண்டு மார்க் கேள்வி."

"அதேதான். அதுல பழுதுன்னு நினைக்கிறேன். நினைப்பை வைச்சு நான் எழுதிக் குடுக்க முடியாது. பார்த்துட்டுத்தான் எழுதுவேன்."

"பார்த்துட்டா, நான் தூங்கலைன்னு எழுதுவீங்களா?"

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. மகள்தான் வீடியோ கதையைச் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க தூங்கினீங்களா இல்லையான்னு தசை சொல்லாதும்மா. இமை ஏன் விழுந்துச்சுன்னு சொல்லும்" என்றார்.

"அது போதும்" என்றாள் மகாராணி.

*

அந்தச் சின்ன அறையில் படுக்கவைத்து, எந்தக் கால் என்று கேட்டார்கள்.

"இடது. அது கிளட்ச் கால். பிரேக் காலைத் தொடாதீங்க."

அறுவை டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தோலை மட்டும் மரத்துப்போகவைக்கத்தான் ஊசி போட்டார்கள். தசைக்குள் மருந்து போனால் எடுக்கிற துண்டு கெட்டுப்போகுமாம். அதனால் வெட்டும்போது மட்டும் ஒரு கணம் வலிக்கும், அசையாமல் இருங்கள் என்றார் அறுவை டாக்டர். வலித்தது. வேரோடு எதையோ பிடித்து இழுக்கிற மாதிரி, காலுக்குள் ஒரு வெறும் இடம் திறந்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஊதச் சொன்னவர்கள், படம் எடுத்தவன், கேள்வி கேட்டவன் என்று ஒவ்வொருவர் முகமாக நினைத்து மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டி முடிப்பதற்குள் தையலும் முடிந்துவிட்டது. விரல்நுனி அளவு சதை, ஈரத் துணியில் சுற்றி, ஒரு சின்னக் குப்பியில் அவளைத் தாண்டிப் போனது.

முடிவு வர நாளாகும் என்றார்கள். அவள் வீட்டுக்குள் நொண்டிக்கொண்டே நடந்தாள். மழை ஒருவழியாக வந்தது. முன்னறைக் குளிர்பெட்டிகளின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திவிட்டு, கணவன் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தான். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம் கண்டக்டர் வந்து வாசலில் நின்றான். குடை இல்லை, தொப்பலாக நனைந்திருந்தான்.

"அக்கா, கால்ல ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன்."

"ஞாபகம் வந்துடுச்சா?"

"அக்கா..."

"சில்லறை கேட்டது ஞாபகம் வந்துடுச்சான்னு கேட்டேன்."

"அன்னைக்கே ஞாபகம் இருந்துச்சுக்கா." அவன் உள்ளே வராமலே பேசினான். "நீங்க முற்றத்துல ஊதிக்கிட்டிருந்தப்ப மேனேஜர் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. டிரைவர் தூங்குறதைப் பார்த்தும் எழுப்பாத கண்டக்டர்னு உன்னையும் சேர்த்து எழுதிடுவேன்னாரு. நான் இன்னும் நிரந்தரம் ஆகலை. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நான் பேசினேன்னு சொல்லியிருந்தா, தூங்குறதைப் பார்த்தவனா நீ ஆயிருக்க மாட்டியேடா. அந்த அளவுக்குக்கூடவா மூளை வேலை செய்யலை?"

"பயத்துல தோணலைக்கா."

"எனக்குப் பயம் இல்லையா? அத்தனை பேர் முன்னாடி ஊதினேனே, பயம் இல்லாமலா ஊதினேன்?"

"மன்னிச்சிடுங்கக்கா. வேணும்னா இப்பப் போய்ச் சொல்றேன்."

"வேணும்னா இல்லை. போ. போய்ச் சொல்லு. சொல்லிட்டு வந்தா உள்ள கூப்பிடுறேன். அதுவரைக்கும் நனை."

கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த கணவன், "பாவம், மழையில..." என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டான்.

*

முடிவு வந்த அன்று டாக்டரம்மா, "நினைச்சதுதான். தசை நார்கள் காட்டிக் குடுத்திடுச்சு" என்றார்.

"எனக்குக் காட்டுங்க."

"ரிப்போர்ட்டா?"

"என்கிட்டேயிருந்து எடுத்ததை. அதை நான் பார்க்கணும்."

அப்படி யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. டாக்டரம்மா யோசித்துவிட்டு, அவளைப் பின்கட்டுப் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மருந்து நெடி மூக்கில் ஏறியது. தசைகளைப் பார்க்கிற டாக்டர் ஒல்லியான மனிதர், உற்சாகம் தாங்கவில்லை. "வாங்க வாங்க, ரொம்ப அழகா வந்திருக்கு!" என்றார்.

"அழகாவா?" என்றாள் அவள்.

மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிக்கணும்மா. சாயம் நல்லாப் பிடிச்சிருக்குன்னு சொல்ல வந்தேன்."

மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். ஒன்றும் தெரியவில்லை. தலையைத் தூக்கினால் குழாய் தெரியவில்லை. குனிந்தால் இமை விழுந்துவிடுகிறது. கடைசியில் ஆள்காட்டி விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பச்சையும் நீலமும் கலந்த கூழாங்கற்களை நெருக்கி அடுக்கிய மாதிரி ஒரு தரை. நடுநடுவே சில கற்களுக்கு மட்டும் ஓரம் பிய்ந்து, சிவப்பு ஊறியிருந்தது.

"அந்தச் சிவப்புதான்" என்றார் ஒல்லி டாக்டர், இப்போது அடக்கமாக. "அந்த நாருக்குச் சக்தி பத்தலை. பத்தலைன்னதும் அது என்ன பண்ணுது, இன்னும் இன்னும் மைட்டோகாண்ட்ரியாவை உண்டாக்கி ஓரத்துல குவிக்குது. எல்லாமே பழுது. குவிச்சும் பலன் இல்லை. பார்க்கிறவங்க சும்மா கிடக்குதுன்னு நினைப்பாங்க. சும்மா இல்லைம்மா, தன்னால முடிஞ்சதுக்கு மேல வேலை செஞ்சுக்கிட்டிருக்கு."

அவள் விரலை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது. கண்ணைத் துடைக்காமல், "இதை எங்க டிப்போ சுவத்துல ஒட்டணும்" என்றாள்.

அதே துண்டில் மரபணுவையும் பார்த்திருந்தார்கள். ரத்தத்தில் தெரியாத பழுது அதில் தெரிந்தது. "என் பொண்ணுக்கு வருமா?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு வந்திருக்கிற வகை அநேகமாப் பிள்ளைக்குப் போகாது. நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தைரியமா இருங்க" என்றார் டாக்டரம்மா. மகள் அப்போதே ஒரு பேனாவை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. முதல்ல எடுத்த ஈசிஜியில ஒரு சின்னச் சந்தேகம் இருந்துச்சு. இந்த நோய்தான்னு உறுதியானதால இப்ப அதைச் சும்மா விட முடியாது. இதயமும் தசைதான்."

மார்பில் கம்பிகளை ஒட்டி, ஒரு முழு நாள் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். அவள் சமைத்தபோது, படுத்தபோது, மாடிப்படி ஏறியபோது, இதயம் இடையிடையே ஒரு துடிப்பை விட்டுவிட்டு நின்று யோசித்திருந்தது. இதய டாக்டர் தாமதிக்கவில்லை. தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்துவிட வேண்டும் என்றார். "தொடையில எடுத்துப் பார்த்தது நல்லதாப் போச்சு. இல்லைன்னா ஒருநாள் நின்னிருக்கும். அப்ப நீங்க எங்க இருந்திருப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

எங்கே இருந்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருப்பாள்.

*

பேஸ்மேக்கர் வைத்த தையல் ஆறியதும் டிப்போவுக்குப் போனாள். மேனேஜர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். கண்டக்டர் ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டானாம்.

"வண்டி இனிமே ஓட்ட முடியாதும்மா. அதை டாக்டரே சொல்லிட்டாரு. வண்டிங்க போற வர்ற நேரம் பார்க்கிற அறையில உனக்கு வேலை போட்டாச்சு. பழசையெல்லாம் விட்டுடு." டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "யோசிச்சுப் பார்த்தா, அந்தப் படம் எடுத்த பையனுக்கு நீ நன்றி சொல்லணும். அவன் போடலைன்னா இதெல்லாம் வெளிய வந்திருக்குமா?"

அவள் டீயைத் தொடவில்லை.

"நன்றியா சார்? அவன் என்னை டாக்டர்கிட்டயா அனுப்பினான்? என்னம்மா உடம்புக்குன்னு ஒரு வார்த்தை கேட்டானா? பக்கத்துலயே உட்கார்ந்திருந்தானே, தோளைத் தட்டிக் கேட்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? உயிர் போயிடும்னு பயந்தவன் எழுப்பியிருப்பான் சார். இவன் படம் எடுத்தான். நீங்க ஊதச் சொன்னீங்க. என் உசிரைக் காப்பாத்தினது உங்க யாரோட கோபமும் இல்லை. எனக்கு வந்த கோபம். காரணம் என்னன்னு தெரியாம விட மாட்டேன்னு திரிஞ்சேன் பாருங்க, அந்தக் கோபம்."

"சரிம்மா, சரி."

"சரி இல்லை. ஊதச் சொன்னது எங்க? முற்றத்துலதானே? நான் தூங்கலைன்னு அங்க நின்னு சொல்லுங்க."

மேனேஜர் மழுப்பிப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவே இல்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில், வேறு வழியில்லாமல் முற்றத்துக்கு வந்து மைக்கைப் பிடித்தார். "நம்ம டிரைவரம்மா உடல்நலக் காரணங்களால்..." என்று ஆரம்பித்தார்.

"சார்" என்றாள் அவள் பக்கத்திலிருந்து. "தூங்கலை."

"...அன்றைய தினம் அவங்க..." தொண்டையைச் செருமினார். "தூங்கலை."

யாரும் கைதட்டவில்லை. மெக்கானிக் ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டான். எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் தாடையைத் தூக்கி, எல்லாரையும் ஒருமுறை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

*

வாசலில் கணவன் வண்டியோடு காத்திருந்தான். வீட்டுக்கு வந்து, அவள் அடுப்படியில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்ததும் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"மைக்குல சொன்னது கேட் வரைக்கும் கேட்டுச்சு" என்றான்.

அவள் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கூடாதுதான்."

"உன்னை நம்பாம இல்லை. பயந்துட்டேன்."

"எல்லாரும் பயந்துட்டீங்க. கண்டக்டரும் அதைத்தான் சொன்னான்." கத்தியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கடைசியில கொஞ்ச நாளா இடது பக்கக் கண்ணாடி எனக்குச் சரியாத் தெரியலை. முழுசாத் தலையைத் திருப்பினாத்தான் தெரியும். திருப்புற நேரத்துல முன்னாடி ரோடு தெரியாது. ஒருநாள் ஒரு சைக்கிள்காரன் இடிபடாம தப்பிச்சான். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துடுச்சு. வீட்டுக்கு வந்து யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. வண்டியைப் பிடுங்கிடுவாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

அவன் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து உட்கார்ந்தான்.

"அன்னைக்கு சாப்பிடுறப்ப, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதான்னு நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன். தொண்டை வரைக்கும் வந்து நின்னுச்சு. நீங்களும் தூங்கினியான்னுதான் கேட்டீங்க."

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. முன்னறையில் ஒரு குளிர்பெட்டி தானாக உறுமி, குலுங்கி, நின்றது. அவன் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு கேட்டான்:

"இப்ப எவ்வளவு தூரம் தெரியுது?"

அவள் நிமிர்ந்தாள். தலையைச் சாய்த்து அவனை அளந்து பார்த்தாள்.

"நீங்க தெரியுறீங்க" என்றாள். "தள்ளி உட்காருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."